ஆமைக்கும் எனக்கும் ஒரே பத்தியம்

போன மாதம் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து இமையை வெளியே மட்டும் மெதுவாகத் துடைக்க வேண்டும், உள்ளே ஒரு சொட்டும் போகக் கூடாது என்று நர்ஸ் பெண் சொல்லி அனுப்பினாள். என் சமையலறையில் எவர்சில்வர் கிண்ணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் நான் நாற்காலி போட்டு ஏறிப் பரணைத் துழாவி ஒரு பழைய எனாமல் பேசினைத்தான் எடுத்தேன். வெள்ளை உடம்பு, நீல விளிம்பு. விளிம்பில் அங்கங்கே எனாமல் உதிர்ந்து கருப்பாகத் தெரியும். உள்ளே மட்டும் பழுதில்லை. “இதுலயா ஆயாவுக்கு?” என்று என் மகள் முகத்தைச் சுளித்தாள். நான் அதைத் தேய்த்துக் கழுவி, வெந்நீர் விட்டு அலசி, அம்மாவின் கட்டிலருகே வைத்தேன். அம்மாவின் ஒரு கண்ணில் மறைப்பு, மறு கண்ணில் இன்னும் எடுக்காத புரை. கையால் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். “இது மணியக்காரர் போசியல்ல?” என்றாள். அவள் வாயில் பேசினும் போசிதான்.

மணியக்காரர் என்பது எங்கள் ஆமையின் பெயர். எனக்கு இன்று கண் தெரிகிறதென்றால் அதற்கு அந்த ஆமை ஒரு காரணம், அதற்கு வைத்தியம் பார்த்த மாட்டு டாக்டரம்மா ஒரு காரணம், என் அம்மா ஒரு காரணம். மூவரில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று நானும் இத்தனை வருடமாக யோசித்துப் பார்க்கிறேன், பிரிக்க முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் சங்ககிரிக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இருந்தோம். அப்பா லாரி டிரைவர். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது லாரியில் இருப்பார்கள். வண்டி ஓட்டாதவர் பட்டறையில் இருப்பார், பட்டறையில் இல்லாதவர் புக்கிங் ஆபீசில் இருப்பார். பம்பாய் லைனுக்குக் கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று அப்பாவுக்கே தெரியாது. ஒரு கோடையில் எங்கள் கிணறு வற்றியது. ஆள் விட்டுத் தூர் வாரியபோது சேற்றுக் கூடையோடு ஓர் ஆமை மேலே வந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கருத்த ஓடு, தலையில் மஞ்சள் பொட்டுகள். கூடையிலிருந்து இறங்கி, யாரையும் சட்டை செய்யாமல், கழுத்தை நீட்டி இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு வரப்பில் நடந்தது. “அட, மணியக்காரர் வரி வசூலுக்குக் கெளம்பிட்டாருங்க” என்றார் அப்பா. தூர் வாரியவர்கள் சிரித்த சிரிப்பில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அப்பாவின் அக்கா, என் அத்தை, அடுத்த தோட்டத்தில் இருந்தார். ஆமை வீட்டுக்குள் வந்தால் ஆகாது என்பதில் அவருக்கு இம்மியும் சந்தேகமில்லை. “ஊட்டுக்குள்ள இல்லீங்கக்கா, வாசல்லதானுங்க இருக்குது” என்று அப்பா சமாதானம் சொல்லி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஏறி உட்கார ஒரு கல்லும் போட்டு மணியக்காரரைக் குடிவைத்தார். கிணற்று ஆமையை இப்படிப் பிடித்து வீட்டில் வளர்ப்பது இன்றைக்குச் சட்டப்படி குற்றம். அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. நான் வாய்க்காலில் மண்புழு பொறுக்கி வருவேன், நத்தை கொண்டு வருவேன். அம்மா கருவாட்டுத் தலையும் கீரைத் தண்டும் போடுவாள். தொட்டிக்கு மேலே என் விரல் அசைந்தாலே போதும், மணியக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து கைகால் அடித்துக்கொண்டு வருவார். என்னைத் தெரிந்துதான் வருகிறார் என்று நான் எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன்.

அடுத்த மாசியில் எனக்கு மணல்வாரி வந்தது. தட்டம்மையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். உடம்பெல்லாம் மணலை வாரி இறைத்த மாதிரி சிவந்து, காய்ச்சலில் பிதற்றிக் கிடந்தேன். அப்பா எங்கோ வடக்கே வண்டியில் இருந்தார். அம்மா தனியாக என்னை மடியில் போட்டுக்கொண்டு, வாசல் நிலையில் வேப்பிலை செருகி, மாரியம்மனிடம் முறையிட்டாள். “ஆத்தா, இந்தப் புள்ளயத் திருப்பிக் குடுத்துரு. ஆடிக்கு உனக்குக் கூழு ஊத்தற வரைக்கும் இந்த ஊட்டுல கவிச்சி கெடையாது, தாளிப்புச் சத்தம் கெடையாது.” நான் பிழைத்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு மற்ற வீடுகளில் பத்தியம் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அது ஆடி வரைக்கும் நீண்டது. சொன்ன சொல் தவறக் கூடாது என்பதில் அம்மா நெருப்பு.

மீன், கறி, முட்டை என்ற கவிச்சி மட்டும் போயிருந்தால்கூடத் தப்பித்திருப்பேனோ என்னவோ. அம்மை இறங்கின உடம்புக்குச் சூடு ஆகாது என்று அத்தை ஒவ்வொன்றாக விலக்கினார். முருங்கைக்கீரை சூடு, பப்பாளி சூடு, மாம்பழம் சூடு. அரசாணிக்காய், அதுதான் மஞ்சள் பூசணி, கரப்பான், தோலில் சொறி கொண்டுவரும். பச்சையாகவும் மஞ்சளாகவும் இருந்ததெல்லாம் என் தட்டை விட்டுப் போயிற்று. மிஞ்சியது பழைய சோறு, கடைந்த மோர், சின்ன வெங்காயம், வெறும் கூழ். வேண்டுதல் எனக்கு மட்டுமல்ல, ‘இந்த ஊட்டுக்கு’. அதனால் மணியக்காரருக்கும் அதே சாப்பாடுதான். மண்புழுவும் கருவாடும் தொட்டிப் பக்கமே வரக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கெட்ட சகுனம் என்றபோது வாசலில் இருந்தவர், வேண்டுதல் என்றதும் வீட்டுக்குள் வந்துவிட்டார். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அம்மாவுக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. வீட்டில் ஒரு வாய் மட்டும் விரதத்தை மீறினாலும் ஆத்தா கணக்கில் எடுத்துக்கொள்வாள், பழி பிள்ளை மேல் விழும் என்று அவள் நடுங்கினாள்.

வைகாசி வாக்கில் மணியக்காரர் முன்னங்காலால் கண்ணைத் தேய்த்துக்கொள்ள ஆரம்பித்தார். பிறகு ஒரு கண்ணின் இமை ஊறிய துவரம்பருப்பைப் போல உப்பியது. அப்புறம் அடுத்த கண்ணும் உப்பி, இரண்டும் ஒட்டி மூடிக்கொண்டன. தொட்டிக்கு மேலே என் விரலை எவ்வளவு ஆட்டினாலும் வருவதில்லை. சோற்றை மூக்குக்கு முன்னால் போட்டாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. “அதுக்கும் ஆத்தா எறங்கிட்டா” என்றார் அத்தை. அம்மா எனக்குச் செய்ததையெல்லாம் அதற்கும் செய்தாள். தொட்டியில் வேப்பிலை போட்டாள், மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டினாள், கைக்குழந்தைக்காரி ஒருத்தியிடம் கெஞ்சித் தாய்ப்பால் வாங்கி வந்து கண்மேல் விட்டாள். எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு அத்தையின் பேச்சு மாறியது. ஆமைக்கு வந்தது அம்மை இல்லை, ஆமையே வந்த பீடை என்றார். “புள்ள தேறாமக் கெடக்கறது எதனாலங்கறே? கொண்டுபோயிக் காவேரில உட்டுட்டு வா” என்று அம்மாவை நச்சரித்தார்.

நான் தேறவில்லை என்பது மெய்தான். பகலில் பள்ளிக்கூடம் போவேன், விளையாடுவேன். பொழுது சாய்ந்தால் ஒரு மூலையைப் பிடித்து உட்கார்ந்துவிடுவேன். அம்மா அதை அசதி என்று நினைத்தாள். உண்மை என்னவென்றால், வெயில் இறங்கியதும் எனக்கு வாசல் மறைந்துவிடும், மரம் மறைந்துவிடும், மனிதர்கள் குரலாக மட்டும் மிஞ்சுவார்கள். விளக்கு ஏற்றினால் விளக்கு மட்டும் தெரியும். இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். சாயங்காலம் என்றால் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மற்றவர்கள் பெரியவர்கள், பழகிவிட்டவர்கள், அதனால் முட்டிக்கொள்ளாமல் நடக்கிறார்கள் என்பது என் எண்ணம். நானும் பழகிக்கொள்ள வேண்டும் என்று நினைத்து வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தேன்.

காவேரியில் விட அம்மா ஒருவழியாகச் சம்மதித்தாள். துணிப்பையில் மணியக்காரரைப் போட்டுக்கொண்டு கிளம்பியபோது நான் மண்ணில் விழுந்து புரண்டு அழுதேன். கண் தெரியாததை ஆற்றில் விட்டால் அது எப்படி வீட்டுக்கு வழி கண்டுபிடிக்கும் என்று கேட்டு அழுதேனாம். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. “செரி வா சாமி, போற வழில மாட்டாஸ்பத்திரில ஒருக்காக் காட்டிரலாம். அப்பவும் ஆகுலீன்னா ஆத்துல உட்டர்லாம்” என்றாள்.

மாட்டாஸ்பத்திரிக்கு டாக்டரம்மா வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. மாட்டுக்குப் பெண் டாக்டரா என்று முதலில் ஊரே சிரித்தது. ஓர் எருமை கன்று போட முடியாமல் தவித்தபோது புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோள்வரை கையை விட்டு இரண்டு உயிரையும் காப்பாற்றினார் என்று கேள்விப்பட்ட பிறகு சிரிப்பு அடங்கியது. ஆனாலும் அவர் பேச்சைப் பற்றிய குறை மட்டும் அடங்கவில்லை. அவர் கிழக்கே கெங்கவல்லிப் பக்கம். எங்கள் ஊரில் பிச்சை கேட்டு வருபவரிடமும் ‘ங்க’ போட்டுப் பேசுவோம். அவரோ பண்ணையம் பார்க்கிற கவுரவமான ஆட்களிடமும் ‘சொல்லு, வா, புடி’ என்பார். திமிர் பிடித்தவர் என்று பேர். ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், டெட்டால் வாசம், மாடு கத்துவதற்கு மேலே பேசிப் பழகிய உரத்த குரல். யார் எதைக் கொண்டுபோனாலும் தொடுவதற்கு முன்னால் அவர் கேட்பது ஒன்றுதான்: “மொதல்ல தின்னதச் சொல்லு, அப்புறம் வந்ததச் சொல்லு.”

பஸ் கிடைத்து நாங்கள் போய்ச் சேரும்போது சாயங்காலமாகிவிட்டது. கரண்ட் இல்லை. பூட்டுவதற்கு எழுந்தவர், பையிலிருந்து அம்மா ஆமையை எடுத்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார். “ஆமைக்கு நான் வைத்தியம் பாத்ததே இல்லம்மா” என்றார் முதலில். அப்புறம் ஜன்னல் பக்கம் கொண்டுபோய், தலையைப் பிடித்து இழுக்காமல் அது தானாக நீட்டும் வரைக்கும் காத்திருந்து பார்த்தார். மூக்கில் நுரை தள்ளுகிறதா, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா, தண்ணீரில் விட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள் அம்மா. “அப்ப நெஞ்சுல சளி இல்ல. ஆனா இந்தக் கண்ண நான் பாத்திருக்கேன். கோழிப் பண்ணையில. வெறும் வெள்ளச் சோளத்தயே போட்டு, கீரை, மஞ்ச மக்காச்சோளம் எதுவும் காட்டாம வளத்தா கோழிக்கு இப்படித்தான் கண்ணு வீங்கும். என்னா தின்னுச்சு இது?”

அம்மா வேண்டுதலைச் சொன்னாள். டாக்டரம்மா சிரிப்பார் என்று நான் பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. “பசி இல்லாம இல்லம்மா இதுக்கு. ஆமை கண்ணால பாத்துத்தான் திங்கும். கண்ணு மூடிட்டதால எரை எங்கன்னு தெரியல. நீ அடம்னு நெனச்சுட்ட” என்றார். பிறகு என்னிடம், “பாப்பா, அந்த மூலையில பேசின் இருக்கு பாரு, எடுத்துட்டு வா” என்றார்.

நான் கையை முன்னால் நீட்டிக்கொண்டு போனேன். காலில் வாளி இடித்து உருண்டது. ஸ்டூலில் முட்டிக்கொண்டேன். சுவரைத் தடவிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அந்த வெள்ளைப் பேசின் என் முழங்காலுக்கு நேராக, எட்டினால் கிடைக்கும் இடத்தில் இருந்ததாம். எனக்கு மூலை முழுக்க ஒரே கருப்பு. பின்னாலிருந்து டாக்டரம்மாவின் குரல், அவ்வளவு மெல்லிய குரல் அவரிடம் இருந்ததே எனக்கு ஆச்சரியம், “பொழுது சாஞ்சா இந்தக் குழந்த வெளையாடுதா?” என்று கேட்டது.

“எங்கீங்க. அம்மை எறங்குனதுலருந்து ஒரு மூலைல உக்காந்துக்குவா. அசதிங்க.”

“ராத்திரி சாப்பாடு?”

“தட்டத் தடவிட்டே இருப்பாளுங்க. திங்கவே மாட்டா. ஒரே அடம்.”

“ஆமையும் அடம்னுதானம்மா நீ நெனச்ச” என்றார் டாக்டரம்மா.

டார்ச்சை எடுத்து வந்து என் இமையைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளை விழி வறண்டு சுருங்கியிருப்பதையும், ஓரத்தில் சோப்பு நுரை ஒட்டினாற்போல ஒரு திட்டு இருப்பதையும் அம்மாவைக் குனியச் சொல்லிக் காட்டினார். இது மாலைக்கண் என்றார். இப்போதே கவனித்தால் சரியாகிவிடும், விட்டால் கருவிழி புண்ணாகிப் பகலிலும் பார்வை போய்விடும் என்றார். “நான் மாட்டு டாக்டர், குழந்தைக்கு மருந்து தர எனக்கு உரிமை இல்ல. நாளைக்குக் காலையில பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. மீன் எண்ணெய் மருந்து குடுப்பாங்க.”

மீன் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா எழுந்துவிட்டாள். ஆத்தா பார்த்துக்கொண்டிருக்கும் உடம்பு என்றாள். ஆடிக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே என்றாள். வாசல்படி வரை போய்த் திரும்பி, “மாட்டுக்குப் பாக்கறவங்க மாட்டோட நிறுத்திக்கோங்க” என்றாள். எங்கள் அம்மா யாரையும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அது கோபமல்ல, பயம். மணியக்காரர் மேசைமேலேயே தங்கிவிட்டார். “ஆமை இங்கயே இருக்கட்டும், இதுக்குப் போடற கவிச்சி என் கணக்குல” என்றார் டாக்டரம்மா.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் நடந்தது எனக்கு அப்போது புரியவில்லை. அம்மா உள்ளே இருக்கிறாள் என்று நினைத்து வாசலில் மெதுவாக நடந்தேன். “அம்மா” என்று கூப்பிட்டேன். பதிலில்லை. “எங்கம்மா இருக்கறே?” என்று இன்னொரு தடவை கூப்பிட்டேன். எங்கோ மிக அருகில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது கேட்டது. அவளைத் தாண்டி நடந்தும் போய்விட்டேன். பின்னாலிருந்து இரண்டு கைகள் என்னைப் பிடித்து இழுத்து அணைத்தபோது பயந்து கத்தினேன். அம்மா விளக்கு ஏற்றாமல், நான் வருகிற வழியில், நேர் எதிரே, வெள்ளைப் புடவையை வேண்டுமென்றே உடுத்திக்கொண்டு நின்றிருந்தாள். என் முகம் அவள் முகத்தைப் பார்த்தபடி வந்ததாம், நின்றதாம், அவளைத் தேடிக்கொண்டே அவளைக் கடந்து போனதாம். இதை அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகுதான்.

விடிந்ததும் முதல் பஸ். மாட்டாஸ்பத்திரி வாசலில் போய் உட்கார்ந்தோம். டாக்டரம்மா வந்தார், எங்களைப் பார்த்தார், முந்தாநாள் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் கம்பவுண்டரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு எங்களோடு பஸ் ஏறினார். பெரியாஸ்பத்திரியில் என்னைப் பரிசோதித்து, மஞ்சளாக எண்ணெய் மாதிரி ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். அம்மா மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

“இது மீனுங்களா?”

“ஆமா, மீன் எண்ணெய்தான். பொய் சொல்லி ஊத்த மாட்டேன்” என்றார் டாக்டரம்மா. “வேண்டுதல் எடுத்தவ நீ. நீயே சொல்லு.”

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடினாள். பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சமெல்லாம் இல்லை. “ஆத்தா, இவ வாயில போறது இவ குத்தமில்ல. இவளோட பத்தியத்த நானே எடுத்துக்கறேன். ஆடி வரைக்கும் இல்ல, என்ர ஆயுசுக்கும்” என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு என் தாடையைப் பிடித்து அவளே மருந்தை ஊற்றினாள். டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பெரிய கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பும் வழியில், “கீரைய வேண்டாம்னு ஆத்தா சொல்லலயே, நீங்கதான சூடுன்னீங்க. தாளிக்காம வேக வெச்சுக் குடு” என்றார். அவர் வாயில் ‘நீங்க’ என்ற சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன். எங்கள் எல்லோரையும் சேர்த்துச் சொன்னாரா, அம்மாவுக்குத் தந்த மரியாதையா, தெரியாது. அம்மா இரண்டாவது என்றே எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு மாட்டாஸ்பத்திரிக்கு அடிக்கடி போனோம். மணியக்காரரின் வைத்தியத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கொதிக்க வைத்து வெதுவெதுப்பாக ஆறிய தண்ணீரில் உப்பு இருப்பதே தெரியாத அளவுக்கு ஒரு துளி உப்பைப் போட்டு, தாடைக்கு மேலே ஏறாமல் அந்த எனாமல் பேசினில் ஊற்றி அதை உட்கார வைப்பார்கள். கொஞ்ச நேரம் ஊறியதும் டாக்டரம்மா நனைத்த பஞ்சால் இமையை ஒற்றி ஒற்றி எடுப்பார். இமைக்கடியில் தயிர்க்கட்டி மாதிரி வெள்ளையாக இருக்கும். தானாக நெகிழ்ந்து வருவதை மட்டும் எடுப்பார். பிடுங்கினால் கண்ணே கிழியும் என்பார். கண்ணில் களிம்பு. வாயில் சத்து மருந்து, அதுவும் ஊசிமுனையளவு. அளவுக்கு மேலே போனால் அதுவே விஷம் என்று கம்பவுண்டரை விரட்டுவார். ஈரல் துணுக்கை இடுக்கியில் பிடித்து வாயோரம் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். அம்மா கவிச்சி வாசத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளிப் படியில் உட்கார்ந்திருப்பாள். வீட்டிலிருந்து அரசாணிக்காயைத் துருவிக் கொண்டுவந்து உள்ளே கொடுத்தனுப்புவாள்.

எனக்கு மருந்து கொடுக்க ஆரம்பித்த பிறகு அம்மா என்னைத் திரும்பச் சோதித்துப் பார்க்கவில்லை. சாயங்காலமானால் என் கையைப் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். என்ன பதில் கிடைக்குமோ என்ற பயம்.

அப்படி ஒரு சாயங்காலம், வழக்கம்போலக் கரண்ட் போயிருந்தது. டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். நான் பேசினுக்கு முன்னால் குந்தியிருந்தேன். மணியக்காரர் முன்னங்காலால் முகத்தை ஒரு தடவு தடவினார். இடது இமை நடுங்கியது, மெல்லப் பிரிந்தது. உள்ளே கருப்பாக, ஈரமாக, மிளகைப் போல ஒரு கண். அது என்னைப் பார்த்தது. “டாக்டரம்மா, மணியக்காரர் கண்ணத் தொறந்துட்டாருங்க!” என்று கூவினேன். டாக்டரம்மா ஓடி வந்தார். படியிலிருந்து அம்மாவும் கவிச்சியை மறந்து உள்ளே ஓடி வந்தாள். ஆனால் இரண்டு பேரும் ஆமையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். அறைக்குள் அவ்வளவு இருட்டியிருந்தது. “கண்ணு எப்பிடி சாமி தெரிஞ்சுது உனக்கு?” என்று அம்மா கேட்டாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. அம்மா தரையில் உட்கார்ந்து டாக்டரம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் அதட்டினார். “எந்திரி, எந்திரிம்மா, ஆமை மெரளுது” என்றார்.

அந்த ஆடியில் எங்கள் வீட்டில் கூழ் ஊற்றினார்கள். அப்பா வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். அம்மா சேலத்திலிருந்து வெள்ளியில் கண்மலர் வாங்கிவரச் சொல்லியிருந்தாள், கண் பிழைத்தால் அம்மனுக்குச் சாத்துவது. ஒரு ஜோடி என் அளவுக்கு. இன்னொரு ஜோடி உளுந்தளவு. அவ்வளவு சின்னதாக எந்தக் குழந்தைக்கு என்று பூசாரி கேட்டபோது அம்மா கூசாமல், “எங்க ஊட்டு ஆமைக்குங்க” என்றாள். பூசாரி ஒரு கணம் விழித்தார், பிறகு வாங்கிச் சாத்தினார். அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு டாக்டரம்மாவுக்கு முதல் சொம்பு கூழை ஊற்றிக் கொடுத்தவர் அவர்தான்.

மணியக்காரரின் வலது கண்ணில் ஒரு வெள்ளைத் தழும்பு தங்கிவிட்டது. ஒரு கண் போதும், இரை தேடிக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா. ஐப்பசி மழையில் ஏரி நிறைந்ததும் அவர் சொன்னபடி அதைக் கொண்டுபோய் விட்டோம். நான் அழுதேன். ஆனால் முன்போல இல்லை, வழி தெரிந்துதானே போகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் டாக்டரம்மாவுக்கு மேச்சேரிப் பக்கம் மாற்றல் வந்தது. போகும்போது பேசினை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். சில வருடம் பொங்கலுக்கு வாழ்த்து வந்தது, பிறகு நின்றது. நான் தேடியிருக்கலாம். வாழ்க்கை அப்படி விடவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். இன்று என் தெருவில் தடுப்பூசி போடும் நாளில் குழந்தைகளுக்கு ஒரு ஸ்பூன் மஞ்சள் மருந்து ஊற்றுகிறார்கள். பிள்ளைகள் முகத்தைக் கோணிக்கொண்டு விழுங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெரிய கைக்கடிகாரம் நினைவுக்கு வருகிறது.

அம்மா அதன் பிறகு கவிச்சியைத் தொடவே இல்லை. என் பிரசவத்துக்குக் கோழிச்சாறு வைத்துக் கொடுத்தாள், ருசி பார்க்காமலே உப்புப் போட்டாள். ஆபரேஷன் முடிந்து முட்டை சாப்பிடச் சொன்ன டாக்டரிடம், “அது ஆத்தாளுக்கும் எனக்கும் உள்ளதுங்க” என்று சொல்லிவிட்டாள். உன் கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது என்று நான் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். அவள் காதில் வாங்கிக்கொள்வதில்லை.

கண்ணின் மறைப்பை எடுத்த மறுநாள் சாயங்காலம். பேசினில் தண்ணீரைக் கொண்டுபோய்க் கட்டிலருகே வைத்தேன். வெளியே பொழுது இறங்கிவிட்டது. விளக்கைப் போடப் போன கையை ஏனோ எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு நேர் எதிரே, கட்டிலின் கால்மாட்டில், சத்தம் காட்டாமல் போய் நின்றேன். மூச்சையும் அடக்கிக்கொண்டேன். அம்மா தலையணையில் சாய்ந்தபடி என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அன்றைக்கு அவள் இப்படித்தானே நின்றிருப்பாள், நான் அவளைக் கடந்து நடந்தபோது அவளுக்கு என்னென்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் அசையவில்லை, ஒரு விசும்பல்கூட வெளியே விடவில்லை.

“எதுக்கு சாமி அழுவறே?” என்றாள் அம்மா.

நான் போய் விளக்கைப் போட்டேன். பேசினில் தண்ணீர் ஆறியிருந்தது. பஞ்சை நனைத்து அவள் இமையை மெதுவாக ஒற்றினேன்.